பாத்ரூம் தரையை நாமே போடுவது: கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கான கேள்வி பதில்

தரைத்தளத்தில் இருக்கும் சாதாரண பாத்ரூம், 5க்கு 7 அடி, ஒரு கதவு, மூலையில் தண்ணீர் போக ஒரு ஓட்டை. இதன் தரையைத் தாமே போட்டுப் பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் கொத்தனார் இல்லை. கடலூர் புதுப்பாளையத்தில் எங்கள் வீட்டில் ஒன்று, அப்புறம் அரியாங்குப்பத்தில் அக்கா வீட்டில் ஒன்று, ஆக இரண்டு தரை போட்டிருக்கிறேன். முதல் தரையில் ஒரு மூலையை உடைத்துத் திரும்பவும் போட வேண்டி வந்தது. அதில் கற்றுக்கொண்டதுதான் இந்தப் பக்கத்தில் பாதி. தெரிந்தவர்களும் சொந்தக்காரர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையே கீழே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நிஜமாகவே கொத்தனார் இல்லாமல் போட முடியுமா?

தரைத்தளம் என்றால் முடியும். 35 சதுர அடி என்பது ஒரு ஆளும் ஒரு உதவியாளும் சமாளிக்கக்கூடிய அளவு. கான்கிரீட் போடும் நாளில் மட்டும் கட்டாயம் இரண்டு பேர் வேண்டும், ஒருவர் கலக்க, ஒருவர் பரப்ப. மற்ற நாட்களில் பெரும்பாலும் காத்திருப்பதுதான் வேலை. மொத்தம் மூன்று வாரம் ஆகும், அதில் கை வைத்துச் செய்யும் நாட்கள் ஐந்தோ ஆறோதான். வீட்டில் குளிக்க வேறு இடம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அவசரம் வந்துவிடும், அவசரத்தில் கான்கிரீட்டை நனைக்கும் நாட்களைக் குறைப்போம், அங்கேதான் தரை கெடும்.

மாடி பாத்ரூம் என்றால் இதைச் செய்யாதீர்கள். அங்கே கீழே இருப்பது ரூஃப் கம்பி. உடைக்கும்போது கம்பியில் பட்டாலோ, பைப் இணைப்பில் கசிந்தாலோ கீழ்வீட்டுச் சீலிங் நனையும்.

எந்த மாதத்தில் ஆரம்பிப்பது நல்லது?

பொங்கல் முடிந்ததும். தை, மாசி, பங்குனி மிகவும் சௌகரியம். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். தேவனாம்பட்டினம், முதுநகர் மாதிரியான இடங்களில் இரண்டு அடி தோண்டினாலே ஈரம் ஊறும். தானே புயல் 2011 டிசம்பர் 30ஆம் தேதியும் ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30ஆம் தேதியும் நம் கரையைத்தான் தாக்கின. ஃபெஞ்சலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. அப்படிப்பட்ட நேரத்தில் பாத்ரூமைத் தோண்டிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்க முடியாது. கத்திரி வெயிலிலும் செய்யலாம், ஆனால் கான்கிரீட் மேல் ஈரச் சாக்கைப் போட்டு ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை நனைக்க வேண்டியிருக்கும்.

டைல்ஸ் போடாமல் வெறும் சிமெண்ட் தரையாக விட்டால் என்ன?

தாராளமாக விடலாம். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் நூல் அடித்துக் கட்டம் போட்ட சிமெண்ட் தரையும் காவித் தரையும் இன்றைக்கும் உழைக்கின்றன. ஆனால் பாத்ரூமில் வழவழப்பாகத் தேய்த்து விடாதீர்கள், சோப்புத் தண்ணீர் பட்டால் கால் நிற்காது. மணியாஸ் கட்டையால் (கைப்பிடி வைத்த தேய்ப்புக் கட்டை) சமன் செய்து, கலவை கொஞ்சம் இறுகியதும் சுத்தமான விளக்குமாற்றால் ஒரே திசையில், ஓட்டையைப் பார்த்து, லேசாக இழுத்து விட்டால் போதும். மேலே ஊறி நிற்கும் தண்ணீரை உறிஞ்சுவதற்காக உலர்ந்த சிமெண்டைத் தூவுவார்கள். அது கூடாது, பின்னால் செதில் செதிலாகப் பெயரும்.

தரைக்குக் கீழே என்னென்ன அடுக்கு வரும்?

தரை என்று நாம் பார்ப்பது மேல் அரை இஞ்ச்தான். தண்ணீரைத் தடுப்பது டைல்ஸ் இல்லை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் இந்த வேலையில் பாதி புரிந்துவிடும். டைல்ஸ் இடுக்கு வழியாகத் தண்ணீர் கொஞ்சமாவது இறங்கத்தான் செய்யும். இறங்கிய தண்ணீரை ஓட்டைக்கு அனுப்புவது கீழே இருக்கும் அடுக்குகள்.

அடியில் மண். புதுப்பாளையத்தில் எங்களுக்கு மணல் தரை, தண்ணீர் ஊற்றி ஊறவிட்டுத் திமிசுக்கட்டையால் இடித்தால் கெட்டியாகிவிடும். கோரிமேடு பக்கம் செம்மண், அதை ஆறு இஞ்சுக்கு ஒரு தடவை கொட்டி ஈரமாக்கி இடிக்க வேண்டும். அதன் மேல் மூன்று இஞ்ச் செங்கல் ஜல்லியோ பெரிய ஜல்லியோ போட்டு இடித்து, மேலே கொஞ்சம் மணல் தூவிச் சமன் செய்யுங்கள். அதற்கு மேல் 250 மைக்ரான் பாலிதீன் ஷீட், ஒரே துண்டாக, சுவர் ஓரம் நான்கு இஞ்ச் மேலே ஏறும்படி. கடலோர வீட்டில் இந்த ஷீட்டை விடவே விடாதீர்கள். கீழிருந்து உப்பு ஈரம் ஏறுவதை அது பெருமளவு நிறுத்திவிடும், இதற்கு ஆகும் செலவும் மிகக் குறைவு. அப்புறம் நான்கு இஞ்ச் கான்கிரீட், அதன் மேல் வாட்டர் ப்ரூஃப் பூச்சு, கடைசியில் டைல்ஸ்.

கான்கிரீட் கலவை எவ்வளவு, என்ன விகிதம்?

ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு முக்கால் இஞ்ச் ஜல்லி. 35 சதுர அடிக்கு நான்கு இஞ்ச் கனம் என்றால் 50 கிலோ மூட்டை இரண்டும் கொஞ்சமும் ஆகும், மூன்றாக வாங்கிவிடுங்கள். மணல் 5 கன அடி, ஜல்லி 10 கன அடி. ஒரு மூட்டை சிமெண்ட் ஒன்றேகால் கன அடி, அதே அளவுக்கு ஒரு பெட்டி வைத்துக்கொண்டால் அளப்பது சுலபம். ஒரு மூட்டைக்குத் தண்ணீர் 25 லிட்டரைத் தாண்ட வேண்டாம், மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறையும். பரப்ப எளிதாக இருக்கிறது என்று சொதசொதவென்று கலந்தால் காய்ந்தபின் வெடிக்கும்.

சிமெண்ட் மூட்டையில் தயாரித்த வாரம் அச்சடித்திருக்கும். மூன்று மாதத்துக்கு மேல் ஆனதை வாங்காதீர்கள். நம் ஊர்க் கடல் காற்றில் அது சீக்கிரம் கட்டி தட்டும். வாங்கியதைப் பலகை மேல் அடுக்கி, ஷீட் போட்டு மூடி வையுங்கள்.

கைக்கு ரப்பர் க்ளவ்ஸ் கட்டாயம். ஈர சிமெண்ட் தோலைப் புண்ணாக்கிவிடும், உடனே வலிக்காது என்பதால் சாயங்காலம்தான் தெரியவரும்.

பக்கத்தில் கிடைக்கிற மணலும் கிணற்றுத் தண்ணீரும் போதாதா?

கரையில் கிடைக்கிற மணல் வேண்டவே வேண்டாம். அதில் இருக்கும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், சுவர் ஓரம் எப்போதும் நசநசவென்று இருக்கும், வெள்ளையாகப் பூக்கும். எம் சாண்ட் வாங்குங்கள், பூசுவதற்கு என்றால் அதிலேயே பொடியான பி சாண்ட். மணலில் மண் கலந்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி மணல், மீதி தண்ணீர், இரண்டு சிட்டிகை உப்புப் போட்டுக் குலுக்கி மூன்று மணி நேரம் வையுங்கள். மணலுக்கு மேல் வண்டல் தனியாகப் படியும். மணலின் உயரத்தில் நூற்றுக்கு எட்டு பங்குக்கு மேல் வண்டல் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

தண்ணீருக்கு ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் தர விதி ஒரு வரம்பு வைத்திருக்கிறது: கம்பி இல்லாத கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 2000 மில்லிகிராம் வரை, கம்பி போட்டதற்கு 500 வரை. வீட்டில் அதை அளக்க முடியாது. வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீர் எதுவும் கலவைக்கு வேண்டாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கலவைக்கு மட்டும் குழாய்த் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து வைத்தோம்.

வாட்டம் (தண்ணீர் ஓடச் சரிவு) எவ்வளவு கொடுப்பது, எப்படிக் கொடுப்பது?

இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி, அதனால் பதிலும் நீளம்.

கதவிலிருந்து ஓட்டை இருக்கும் மூலை வரை மொத்தம் ஒன்றரை இஞ்ச் இறக்கம் வைக்கிறேன். ஏழெட்டு அடிக்கு அது சரியாக இருக்கும், நிற்கும்போது சரிவு தெரியாது, தண்ணீர் தங்காது. கதவு ஓரத்தில் பாத்ரூம் தரை அறைத் தரையைவிட முக்கால் இஞ்ச் தாழ்ந்திருக்க வேண்டும்.

முதலில் ட்யூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய கண்ணாடி மாதிரியான ட்யூப்) வைத்து நான்கு சுவரிலும் ஒரே உயரத்தில், சுமார் மூன்று அடியில், கோடு போடுங்கள். இனி எல்லா அளவும் அந்தக் கோட்டிலிருந்து கீழ்நோக்கித்தான். கதவருகே கோட்டிலிருந்து 36 இஞ்ச் என்றால் ஓட்டையருகே 37½, இடையில் இருக்கும் இடங்களுக்குத் தூரத்துக்கு ஏற்றபடி. இது டைல்ஸின் மேல்மட்டம். டைல்ஸ் கனத்தையும் பசைக் கனத்தையும் சேர்த்தால் கான்கிரீட்டின் மேல்மட்டம் வரும். அந்த மட்டத்துக்கு ஆறேழு இடத்தில் கொஞ்சம் கலவை வைத்து, மேலே உடைந்த டைல்ஸ் துண்டைப் பதித்துப் புள்ளி வையுங்கள். புள்ளிக்குப் புள்ளி நூல் கட்டி, நடுவில் கான்கிரீட்டைக் கொட்டி, மட்டப்பலகையால் இழுத்தால் சரிவு தானாக வந்துவிடும்.

பலர் கான்கிரீட்டை மட்டமாகப் போட்டுவிட்டு, டைல்ஸ் ஒட்டும்போது கலவையைக் கூட்டிக் குறைத்து வாட்டம் கொடுக்கிறார்கள். எங்கள் வீட்டில் நானும் அப்படித்தான் செய்தேன். கதவுக்குப் பின்னால் இருக்கும் மூலையில் கலவை கனமாகவும் இளகலாகவும் இருந்தது, ரப்பர் சுத்தியால் தட்டத் தட்ட டைல்ஸ் உள்ளே இறங்கியது, அப்போது நூலைத் திரும்பப் பிடித்துப் பார்க்கவில்லை. மறுநாளைக்கு மறுநாள் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினேன். எல்லாம் ஓடிப்போய், அந்த மூலையில் மட்டும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குத் தேங்கி நின்றது. அம்மா துடைப்பத்தால் தள்ளிக்கொள்கிறேன் விடு என்றார்கள். தினமும் ஒருவர் குனிந்து தள்ள வேண்டிய தண்ணீர் அது, அறுபது வயதுக்கு மேல் அந்த மூலையில் கால் வைத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்து, ஆறு டைல்ஸை உளியால் உடைத்து எடுத்தேன். உடைத்தபோதுதான் அடியில் கலவை இன்னும் ஈரமாக இருப்பதைப் பார்த்தேன். கீழே கான்கிரீட் மட்டமாக இருந்ததால் இறங்கிய தண்ணீருக்குப் போக வழியே இல்லை.

அதனால் வாட்டத்தைக் கான்கிரீட்டிலேயே கொடுங்கள். அப்போது வாட்டர் ப்ரூஃப் பூச்சும் சரிவாக இருக்கும், டைல்ஸுக்கு அடியில் போன தண்ணீரும் ஓட்டைக்கே வரும், டைல்ஸை எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் ஒட்டலாம். அக்கா வீட்டில் இப்படித்தான் செய்தேன். கான்கிரீட் இறுகிய மறுநாள் அவள் பையனின் கோலிக்குண்டை வாங்கி ஒவ்வொரு மூலையிலும் வைத்து விட்டேன். நான்கு மூலையிலிருந்தும் அது ஓட்டையைத் தேடிப் போனது.

கான்கிரீட்டை எத்தனை நாள் நனைக்க வேண்டும்?

இப்போது கடைகளில் அதிகம் கிடைப்பது பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமெண்ட், அதற்குப் பத்து நாள். ஓ.பி.சி. (சாதாரண சிமெண்ட்) என்றால் ஏழு நாள். மறுநாள் காலையிலிருந்து எண்ணுங்கள்.

நானி ட்ராப் (தரை ஓட்டையில் பதிக்கும், தண்ணீர் நிற்கும் கிண்ணம்) வைப்பதில் என்ன கவனிக்க வேண்டும்?

கான்கிரீட்டுக்கு முன்பே ட்ராப்பையும் பைப்பையும் வைத்து, வெளியே அடைத்துத் தண்ணீர் நிரப்பி, இணைப்பு எதுவும் கசியவில்லை என்று பார்த்துவிட வேண்டும். மூடியபின் பார்க்க வழியில்லை. பைப்புக்குப் பத்து அடிக்கு இரண்டிலிருந்து மூன்று இஞ்ச் இறக்கம். ட்ராப்புக்குள் இரண்டு இஞ்ச் உயரத்துக்குத் தண்ணீர் எப்போதும் நிற்கும், சாக்கடை வாடையையும் கரப்பானையும் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். விருந்தாளிகள் வந்தால் மட்டும் திறக்கும் பாத்ரூம் நாறுகிறது என்றால் அது காய்ந்துவிட்டது என்று அர்த்தம், வாரம் ஒரு சொம்பு ஊற்றுங்கள். மேலே வரும் சல்லடை, சுற்றியுள்ள டைல்ஸைவிட இரண்டு மி.மீ. தாழ்வாக இருக்கட்டும். கொஞ்சம் தூக்கலாக இருந்தாலும் சுற்றி வளையமாகத் தண்ணீர் நிற்கும்.

வாட்டர் ப்ரூஃப் பூச்சு தரைத்தளத்துக்கும் தேவையா?

தேவை. தரைத்தளத்தில் கசிவு கீழே யாருக்கும் தெரியாது, பக்கத்து அறைச் சுவரின் அடிப்பாகத்தில் பெயிண்ட் உரிந்து வரும்போதுதான் தெரியும். பொடியும் பாலும் தனித்தனியாக வரும் இரண்டு பாகப் பூச்சு வாங்குங்கள். சுவரும் தரையும் சேரும் இடத்தில் கலவையால் வளைவாக மூடி, அது காய்ந்தபின் முதல் கோட் ஒரு திசையில், இரண்டாவது கோட் அதற்குக் குறுக்காக. சுவரில் ஒரு அடி வரை, ஷவர் இருக்கும் பக்கம் ஆறு அடி வரை. ட்ராப்பின் கழுத்தைச் சுற்றி ஒரு கோட் கூடுதல்.

காய்ந்ததும் ட்ராப் வாயைத் துணியும் பாலிதீனும் வைத்து அடைத்து, கதவில் ஒரு செங்கல் வரிசை கட்டி, இரண்டு இஞ்ச் தண்ணீர் நிறுத்துங்கள். சுவரில் பென்சிலால் கோடு. 48 மணி நேரம். வெயில் காலத்தில் தண்ணீர் ஆவியாகவும் குறையும் என்பதால் பக்கத்திலேயே ஒரு தாம்பாளத்திலும் தண்ணீர் வைத்துக் கோடு போடுங்கள். இரண்டும் ஒரே அளவு குறைந்திருந்தால் கசிவு இல்லை.

எந்த டைல்ஸ் வாங்குவது?

சொரசொரப்பான மேட் டைல்ஸ், 1க்கு 1 அடி. கடையில் ஒன்றைத் தண்ணீரில் நனைத்து வெறும் காலால் மிதித்துப் பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். பெட்டியில் ஆர் 10, ஆர் 11 என்று எழுதியிருந்தால் அது வழுக்காமைக்கான எண், கூடினால் நல்லது. சுவர் டைல்ஸைத் தரைக்குப் போடக் கூடாது, அது எடையும் தாங்காது, தண்ணீரையும் நிறையக் குடிக்கும். 2க்கு 2 பார்க்க அழகுதான், ஆனால் ஓட்டை நடுவில் இருந்தால் நான்கு பக்கச் சரிவுக்கும் பெரிய டைல்ஸைக் குறுக்கே வெட்ட வேண்டி வரும். 35 சதுர அடிக்கு 40 டைல்ஸ் வாங்கி, மிச்சத்தைப் பரணில் போட்டு வையுங்கள். அதே நிறம் பிறகு கிடைக்காது.

சிமெண்ட் பால் ஊற்றி ஒட்டுவதா, பசையா?

நாமே செய்கிறோம் என்றால் பசை. கலவையில் கை தேர்ந்தவர் வேகமாகப் போட்டுவிடுவார், நமக்கு அது இறங்கும், ஏறும், அடியில் பொக்கு (வெற்றிடம்) விழும். விட்ரிஃபைட் டைல்ஸ் தண்ணீரை அரை சதவீதத்துக்கு மேல் குடிக்காது, அதனால் வெறும் சிமெண்ட் பால் அதில் சரியாகப் பிடிப்பதும் இல்லை. பசைக்கு அடியில் கான்கிரீட் சரிவு மாறாமல், மேடு பள்ளம் இல்லாமல் இருக்க வேண்டும். 20 கிலோ பை மூன்று மி.மீ. கனத்தில் 45 சதுர அடிக்குப் பக்கம் வரும், ஆனால் நம் கான்கிரீட் அவ்வளவு நேர்த்தியாக இருக்காது, இரண்டு பை வாங்குங்கள். பசைக்கு டைல்ஸை ஊறப்போட வேண்டாம், பின்பக்கப் பொடியைத் துணியால் துடைத்தால் போதும்.

எங்கிருந்து ஆரம்பித்து எப்படி ஒட்டுவது?

ஒட்டாமல் ஒருமுறை எல்லாவற்றையும் பரப்பிப் பாருங்கள். கதவைத் திறந்ததும் கண்ணில் படும் வரிசை முழு டைல்ஸாக இருக்கட்டும், வெட்டிய துண்டுகள் ஓரத்துக்குப் போகட்டும். ஒட்டும்போது தூர மூலையில் தொடங்கிக் கதவை நோக்கி வாருங்கள், இல்லையென்றால் ஒட்டியதை மிதித்துக்கொண்டு வெளியே வர வேண்டும்.

பல் வைத்த கரணையால் பசையை ஒரே திசையில் சீவி, டைல்ஸை வைத்து, அந்தக் கோடுகளுக்குக் குறுக்காக லேசாக முன்னும் பின்னும் நகர்த்தி அழுத்துங்கள். முதல் இரண்டு டைல்ஸை வைத்தவுடன் பெயர்த்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். முழுவதும் பசை ஒட்டியிருக்க வேண்டும், கோடு கோடாகத் தெரிந்தால் பசை போதவில்லை. டைல்ஸுக்கு நடுவில் இடைவெளிக்காக இரண்டு மி.மீ. ஸ்பேசர். மறுநாள் ஐந்து ரூபாய் நாணயத்தால் ஒவ்வொன்றையும் நான்கு மூலையிலும் தட்டிக் கேளுங்கள். நிறைந்திருந்தால் டக்கென்று கெட்டியான சத்தம், உள்ளே காலியாக இருந்தால் டொக்கென்று பானையைத் தட்டின மாதிரி வரும். பொக்கு இருப்பதை அப்போதே எடுத்துவிடுங்கள், இடுக்கை அடைக்கும் க்ரௌட் போட்டபின் வேலை இரட்டிப்பு.

சுவர் டைல்ஸ் முதலிலா, தரை முதலிலா?

சுவரில் கீழ் வரிசையை மட்டும் விட்டுவிட்டு மேலே ஒட்டுங்கள், அப்புறம் தரை, கடைசியில் அந்தக் கீழ் வரிசை தரை டைல்ஸ் மேல் உட்காரும்படி. சுவரில் வழியும் தண்ணீர் நேராகத் தரைக்கு வந்துவிடும்.

டைல்ஸ் வெட்டுவது கஷ்டமா?

நேர்வெட்டுக்கு கைக் கட்டர் வாடகைக்குக் கிடைக்கிறதா என்று டைல்ஸ் கடையில் கேளுங்கள், கோடு கீறி அழுத்தினால் உடையும். ட்ராப்பைச் சுற்றி வளைவுக்குத்தான் கிரைண்டர். அதை வீட்டுக்கு வெளியே, உலர்ந்த தரையில் நின்று, கண்ணாடியும் மாஸ்க்கும் போட்டு ஓட்டுங்கள். ஈர பாத்ரூமுக்குள் கரண்ட் வயரை இழுக்கவே இழுக்காதீர்கள்.

பழைய டைல்ஸ் மேலேயே புதிதாக ஒட்டலாமா?

பழையது எல்லாம் கெட்டியாக இருந்து, கசிவும் இல்லாமல், கதவு திறக்க இடமும் இருந்தால் அதற்கென்று வரும் பசையால் ஒட்டலாம், ட்ராப் சல்லடையை உயர்த்த வேண்டியிருக்கும். தண்ணீர் தேங்குகிறது என்பதற்காக மாற்றுகிறீர்கள் என்றால் உடைத்துத்தான் ஆக வேண்டும்.

க்ரௌட் எதில் போடுவது? இடுக்கில் வெள்ளையாகப் பூக்கிறதே?

முடிந்தால் எபாக்சி, அதாவது ரெசினால் ஆன க்ரௌட். விலை கூடுதல், ஆனால் தண்ணீர் குடிக்காது, கறை பிடிக்காது. பூசியவுடன் ஈர ஸ்பாஞ்சால் துடைத்துவிட வேண்டும், காய்ந்தால் போகாது. சுவரும் தரையும் சேரும் மூலையில் க்ரௌட் வேண்டாம், சிலிகான் போடுங்கள், அங்கே அசைவு இருக்கும்.

வெள்ளையாகப் பூப்பது உப்பு. அடியில் இருக்கும் ஈரம் உப்பைக் கரைத்து மேலே கொண்டுவந்து விட்டுக் காய்கிறது. உலர்ந்த பிரஷால் தேய்த்து எடுங்கள். சில மாதத்தில் குறைந்தால் அது கலவையில் இருந்த உப்பு. வருடக் கணக்கில் வந்துகொண்டே இருந்தால் கீழிருந்து ஈரம் ஏறுகிறது.

எப்போது குளிக்கலாம்? ஆசிட் ஊற்றிக் கழுவலாமா?

ஒட்டி ஒரு நாள் கழித்து க்ரௌட், அதன் பிறகு மூன்று நாள் தண்ணீர் படாமல் வைத்தால் நல்லது. எபாக்சிக்குப் பையில் எழுதியிருக்கும் நாளைப் பாருங்கள், சில ஒரு வாரம் கேட்கும்.

ஆசிட் வேண்டாம். சிமெண்ட் க்ரௌட்டை அது அப்படியே தின்றுவிடும், ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் இடுக்கு ஆழமாகிக்கொண்டே போகும். ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் எந்தக் காரணத்துக்காகவும் சேர்த்துப் போடாதீர்கள், அதிலிருந்து வரும் குளோரின் வாயு மூடிய பாத்ரூமில் மூச்சை அடைத்துவிடும். சோப்புத் தூளும் பிரஷும் போதும், குளித்து முடித்ததும் கதவை அரை மணி நேரம் திறந்து வையுங்கள்.